மூளைக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடித்த டாக்டர் எகாஸ் மோனிஸ்

உயிரோடு இருக்கும் மனிதனின் மூளைக்குள் ரத்தம் ஓடும் பாதையை முதன்முதலில் படம் பிடித்துக் காட்டியவர், டாக்டர் எகாஸ் மோனிஸ். போர்த்துகல் நாட்டைச் சேர்ந்தவர். மந்திரியாக இருந்தவர். துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பியவர். நோபல் பரிசு பெற்றவர்.

அவர் காட்டிய வழியால் எத்தனையோ நோயாளிகள் பிழைத்தார்கள். அதே வழியில் அவர் கையாண்ட ஒரு மருந்து, ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடலிலேயே தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருடைய உயிரைக் குடித்தது. இரண்டும் சேர்ந்ததுதான் மோனிசின் வரலாறு.

வீரனின் பெயர்

போர்த்துகலில் அவான்கா என்று ஓர் ஊர். அங்கே 1874-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி அவர் பிறந்தார். பெற்றோர் நிலபுலன் உள்ள பழைய குடும்பத்தினர். பிள்ளைக்கு அந்தோனியோ என்று பெயர் வைத்தார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துகீசிய வீரனின் வழியில் வந்த குடும்பம் அது என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஆகவே அவருடைய பெரியவர்கள் அந்த வீரனின் பெயரையும் சேர்த்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கோயிம்பிரா நகரப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். பிறகு பிரான்சு சென்றார். போர்தோ, பாரிஸ் நகரங்களில் பெயர் பெற்ற டாக்டர்களிடம் நரம்பு வியாதிகளைப் பற்றிப் பயின்றார். 1911-ம் ஆண்டில் தலைநகர் லிஸ்பனில் நரம்பு வைத்தியப் பேராசிரியர் ஆனார்.

மந்திரி பதவி

அரசியலிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. பார்லிமெண்டு உறுப்பினராக இருந்தார். மன்னராட்சிக் காலத்தில் சிறைக்கும் போனார். 1917-ல் ஸ்பெயின் நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1918-ல் வெளிநாட்டு மந்திரி ஆனார். முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸ் நகரில் சமாதான மாநாடு கூடியது. அதற்குச் சென்ற போர்த்துகல் குழுவுக்கு மோனிஸ்தான் முதலில் தலைவர்.

உள்நாட்டு அரசியல் சச்சரவுகள் முற்றின. மோனிஸ் அரசியலை விட்டு விலகினார். ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது 45-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓய்வு நேரத்தில் புத்தகங்களும் எழுதினார். கோவாவில் பிறந்து, ஐரோப்பாவில் ஹிப்னாடிசக் கலையால் புகழ் பெற்ற பாதிரியார் ஃபாரியாவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1925-ல் வெளிவந்தது. சீட்டுக்கட்டின் வரலாற்றையும் எழுதினார்.

எக்ஸ்ரேக்குத் தெரியாத மூளை

எக்ஸ்ரே கதிர் 1895-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கை முறிந்தால், கால் முறிந்தால் உடனே படம் எடுத்துப் பார்க்கலாம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது கதிரைத் தடுக்கும். அதனால் எலும்பின் நிழல் படத்தில் விழுகிறது.

மூளை அப்படி அல்ல. மூளை, அதில் ஓடும் ரத்தம், உள்ளே வளரும் கட்டி எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரியாகக் கதிரை விட்டுவிடும். படத்தில் மண்டை ஓடு தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. தலைக்குள் கட்டி இருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தேகம் வரும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இடம் தெரியாமல் மண்டையைத் திறப்பது எவ்வளவு பெரிய ஆபத்து!

அமெரிக்க டாக்டர் வால்டர் டாண்டி 1918-ல் ஒரு வழி சொன்னார். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அது பயன்பட்டது. ஆனால் நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து வந்தது.

மோனிசுக்கு வேறு யோசனை தோன்றியது. கழுத்தில் துடிக்கும் பெரிய ரத்தக் குழாய் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் போகிறது. கதிரைத் தடுக்கும் மருந்து ஒன்றை அதில் செலுத்த வேண்டும். அது மூளைக்குள் பரவும் அந்தச் சில நொடிகளில் படம் எடுக்க வேண்டும். அப்போது மூளையின் ரத்தக் குழாய்கள் மரத்தின் கிளைகளைப் போலப் படத்தில் விழும். கட்டி இருந்தால் அந்தக் கிளைகள் இடம் மாறி, வளைந்து நிற்கும். வளைந்த இடமே கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படி உடலுக்குள் நிழல் விழச் செய்யும் மருந்துக்கு ஆஸ்பத்திரியில் காண்ட்ராஸ்ட் என்று பெயர். தமிழில் நிழல் மருந்து என்று சொல்லலாம்.

ஒருவர் இறந்தார்

எந்த மருந்தைச் செலுத்துவது? அணு எவ்வளவு கனமானதோ அவ்வளவு நன்றாக எக்ஸ்ரேயைத் தடுக்கும். மோனிஸ் முதலில் புரோமின் கலந்த உப்புகளை எடுத்துக்கொண்டார். நாய்களிடம் சோதித்தார். இறந்தவர்களின் உடலில் செலுத்திப் படம் எடுத்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார்.

அவருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. இளமையிலேயே கீல்வாதம் வந்து, கைவிரல் மூட்டுகள் வீங்கிக் கோணிவிட்டன. ஊசியைப் பிடித்து நுட்பமான வேலை செய்ய அவரால் முடியாது. அல்மேய்தா லிமா என்ற இளம் டாக்டர் அவருக்குக் கையாக இருந்தார். மோனிஸ் வழி சொல்வார். லிமா செய்வார்.

1927-ம் ஆண்டு நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. முதல் சிலருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்ற உப்பைச் செலுத்தியபோது ஒரு நோயாளி இறந்துவிட்டார்.

மோனிஸ் அந்த மருந்தைக் கைவிட்டார். ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. புரோமினைவிட அயோடின் கனமானது. ஆகவே குறைந்த அளவே போதும் என்று கணக்குப் போட்டார். 25 சதவீத சோடியம் அயோடைடு கரைசலைத் தயார் செய்தார்.

1927 ஜூன் 28

லிஸ்பனில் உள்ள சாந்தா மார்த்தா ஆஸ்பத்திரி. 20 வயது வாலிபர் ஒருவருக்கு மூளையின் அடியில் கட்டி. 1927-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி அவருடைய கழுத்து ரத்தக் குழாயில் மருந்து செலுத்தப்பட்டது. உடனே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது.

படத்தைக் கழுவிப் பார்த்தார்கள். ரத்தக் குழாய்கள் தெரிந்தன! கட்டி தள்ளியதால் அவை இடம் மாறி இருந்ததும் தெரிந்தது.

சில நாட்களிலேயே மோனிஸ் பாரிஸ் சென்று டாக்டர்கள் சபையில் படங்களைக் காட்டினார். நரம்பு வைத்திய உலகம் வியந்தது. நோபல் பரிசுக்கும் அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. அப்போது கிடைக்கவில்லை.

இன்று இருதய நோய்க்கு ஆஸ்பத்திரிகளில் செய்யும் ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கும் ரத்தக் குழாயில் நிழல் மருந்து செலுத்தும் அதே முறைதான் அடிப்படை.

புது மருந்து வந்தது

சோடியம் அயோடைடிலும் தொல்லை இருந்தது. செலுத்தும்போது வலிக்கும். சிலருக்கு வலிப்பு வந்தது. வலியே இல்லாத மருந்து கிடைத்தால் நல்லது என்று டாக்டர்கள் ஏங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் ஒரு மருந்துக் கம்பெனி, தோரோட்ராஸ்ட் என்ற மருந்தைத் தயாரித்து விற்றது. அதில் இருந்தது தோரியம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே தோரியம்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக எரியுமே மேண்டில், அதிலும் ஒரு காலத்தில் தோரியம் சேர்த்தார்கள்.

தோரியம் அயோடினைவிட மிகவும் கனமான அணு. படம் பளிச்சென்று விழுந்தது. நோயாளிக்கு வலி இல்லை. வலிப்பு இல்லை. ஊசி போட்டுக்கொண்டு அன்றே எழுந்து பேசினார்கள். மோனிஸ் 1931-ல் இந்த மருந்துக்கு மாறினார். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எங்கும் இது பரவியது. ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் பலருக்கு இதைச் செலுத்தினார்கள்.

ஆனால் தோரியம் கதிர் வீசும் பொருள். எக்ஸ்ரே இயந்திரத்தின் கதிர் பொத்தானை அணைத்தால் நின்றுவிடும். தோரியத்தின் கதிரை அணைக்க முடியாது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

தோரியம் கதிர் வீசும் என்பது அப்போதே தெரியும். 1932-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு எச்சரிக்கை செய்தது. ஆனால் கண்ணெதிரே நோயாளிக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை. கொடுக்கும் அளவும் சிறியது. ஆகவே பல டாக்டர்கள் எச்சரிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950-க்குப் பிறகும் சில இடங்களில் இந்த மருந்து பழக்கத்தில் இருந்தது.

மூளையில் ஆபரேஷன்

மோனிஸ் அடுத்து எடுத்த காரியம் இன்னும் பெரிய சர்ச்சையை உண்டாக்கியது.

அக்காலத்தில் கடுமையான மனநோய்க்குச் சரியான மருந்து இல்லை. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் மனநோய் ஆஸ்பத்திரிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். மூளையின் முன்பகுதியில் சில நரம்பு இழைகளைத் துண்டித்தால் மனம் அமைதியாகும் என்று மோனிஸ் நினைத்தார். 1935-ம் ஆண்டு நவம்பரில் முதல் ஆபரேஷன் நடந்தது. இதையும் செய்தவர் லிமாதான். 20 பேருக்குச் செய்த பிறகு, 7 பேர் குணமானார்கள், 7 பேர் தேறினார்கள், 6 பேரிடம் மாற்றமில்லை என்று மோனிஸ் அறிவித்தார். ஆனால் அவர்களை நீண்ட காலம் கவனித்துப் பார்த்துச் சொன்ன முடிவு அல்ல அது.

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் லொபாட்டமி என்ற பெயரில் பரவியது. பல்லாயிரம் பேருக்குச் செய்தார்கள். பலர் சுறுசுறுப்பும் உணர்ச்சியும் இழந்து நடைப்பிணம் போல ஆனார்கள். 1950-ல் சோவியத் ரஷ்யா இதைத் தடை செய்தது. அதன் பிறகு மனநோய்க்கு நல்ல மாத்திரைகள் வந்தன. ஆபரேஷன் மறைந்தது.

துப்பாக்கிச் சூடு

1939-ம் ஆண்டு மோனிசுக்கு 64 வயது. மனநோயாளி ஒருவர் அவரைத் துப்பாக்கியால் பல முறை சுட்டார். மோனிஸ் படுகாயம் அடைந்தார். ஆனால் பிழைத்துக்கொண்டார். மீண்டும் வேலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்துத்தான் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி வால்டர் ஹெஸ் என்பவருடன் அதைப் பகிர்ந்துகொண்டார். போர்த்துகலுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அதுதான். பரிசு கொடுத்தது மூளைப் படத்துக்காக அல்ல. மனநோய் ஆபரேஷனுக்காக! அந்தப் பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் கோரினார்கள். நோபல் குழு அதைத் திரும்பப் பெறவில்லை.

1955-ம் ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி லிஸ்பனில் மோனிஸ் காலமானார். வயது 81. அவருக்குக் குழந்தைகள் இல்லை. அவான்காவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது காட்சிசாலையாக இருக்கிறது.

உடலில் தங்கிய தோரியம்

மோனிஸ் மறைந்த பிறகுதான் தோரோட்ராஸ்டின் முழுக் கதையும் வெளியே வந்தது.

சாதாரண மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும். தோரோட்ராஸ்டில் இருந்தது நுண்ணிய துகள். அது வெளியேறவில்லை. பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்தது. ஊசி போட்டு 20, 30 ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் அவர்களுடைய மண்ணீரலும் கல்லீரலும் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. தோரியம் சிதையும்போது உண்டாகும் கதிர் வாயு அவர்கள் விடும் மூச்சிலும் வந்தது.

தோரியம் வீசும் ஆல்பா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. வெளியே இருந்தால் தோலே தடுத்துவிடும். உள்ளே இருந்தால்தான் ஆபத்து. பக்கத்தில் இருக்கும் செல்களையே ஓயாமல் தாக்கும். ஒரே நாளில் விழும் அடி சிறியது. இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், அதே இடத்தில் விழுந்தால்?

1947-ல் தோரோட்ராஸ்ட் செலுத்தப்பட்ட ஒருவருக்குக் கல்லீரலில் புற்று நோய் வந்த செய்தி வெளியானது. பிறகு ஜெர்மனி, டென்மார்க், ஜப்பான் முதலிய நாடுகளில் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். மோனிசின் சொந்த நாடான போர்த்துகலிலும் அந்த ஆராய்ச்சி நடந்தது. எல்லா இடத்திலும் ஒரே முடிவு. கல்லீரல் புற்று நோயும் ரத்தப் புற்று நோயும் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். நோய் தலைகாட்ட 20 ஆண்டுக்கு மேலும் ஆனது. ஊசி போட்ட டாக்டர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். போட்டுக்கொண்டவர் அந்த ஊசியையே மறந்திருப்பார்.

புது இயந்திரம், பழைய கேள்வி

இப்போது தோரோட்ராஸ்ட் இல்லை. எக்ஸ்ரேக்கும் சி.டி. ஸ்கேனுக்கும், உடலை விட்டு வெளியேறும் அயோடின் மருந்துகள் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்த சக்தியால் படம் எடுக்கிறது. அதற்குக் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த நிழல் மருந்து உண்டு. இவை தோரியம் போலக் கதிர் வீசி உடலைத் தாக்குபவை அல்ல.

புற்று நோய்க்குக் கொடுக்கும் கதிர் சிகிச்சையைக் கரண்டு வைப்பது என்று பொதுமக்கள் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் கதிர் சிகிச்சை இயந்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 2014-ல் அமெரிக்காவிலும், 2017-ல் நெதர்லாந்திலும் இவ்வகை இயந்திரங்களில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. கட்டியைப் பார்த்துக்கொண்டே கதிரைச் செலுத்தலாம். மூச்சு விடும்போது கட்டி நகர்ந்தாலும் தெரிந்துவிடும்.

கட்டி நன்றாகத் தெரிவதற்காகக் கடோலினிய மருந்தைச் செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்குள் கனமான உலோகம் இருக்கிறது. அதே சமயம் சிகிச்சைக் கதிரும் பாய்கிறது. கணக்குப் போட்ட அளவைவிட அதிகக் கதிர் உடலில் இறங்கிவிடாதா? மோனிஸ் காலத்துக் கேள்வியே வேறு உருவத்தில் வருகிறது.

விஞ்ஞானிகள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். படம் எடுக்கும் எக்ஸ்ரேயின் சக்தி குறைவு. அந்தக் கதிரைக் கனமான அணு நன்றாக விழுங்கும். சிகிச்சைக் கதிரின் சக்தியோ பல லட்சம் வோல்ட் கணக்கில் இருக்கும். அவ்வளவு வேகத்தில் வரும் கதிருக்குக் கனமான அணு, லேசான அணு என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கட்டியில் சேரும் கடோலினியமும் மிகக் குறைவு. ஆகவே கதிரின் அளவில் உண்டாகும் மாறுதல் மிகச் சிறியது என்று கண்டார்கள்.

வேறு இடத்தில் கவனம் தேவை. கதிரின் அளவைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது பெரும்பாலும் சி.டி. படத்தை வைத்துத்தான். அயோடின் மருந்து நிறைந்த பகுதி அந்தப் படத்தில் எலும்பு போல வெள்ளையாகத் தெரியும். கம்ப்யூட்டர் அதை எலும்பு என்று எண்ணினால் கணக்கு பிசகும். ஆகவே மருந்து செலுத்தாத படத்தையும் எடுத்து அதில் கணக்குப் போடுகிறார்கள். அல்லது அந்தப் பகுதியைத் திருத்திக்கொள்கிறார்கள்.

கெடுதல் என்று அஞ்சியதையே நன்மையாக மாற்றவும் முயற்சி நடக்கிறது. கடோலினிய நுண்துகளைக் கட்டிக்குள் அதிகமாகச் சேர்த்து, கதிரின் அடி கட்டியின் மேல் மட்டும் பலமாக விழச் செய்ய முடியுமா என்று பிரான்சு நாட்டு கிரனோபிள் நகர டாக்டர்கள் மூளைக்குப் பரவிய புற்று நோயாளிகளிடம் சோதனை நடத்தினார்கள்.

கடோலினியத்திலும் எச்சரிக்கை தேவைப்பட்டது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்த மருந்து வெளியேறாமல் தங்கி, தோலும் தசையும் இறுகும் நோயை உண்டாக்கக்கூடும் என்பது 2006-ல் தெரிந்தது. பல முறை போட்டுக்கொண்டவர்களின் மூளையில் சிறிதளவு தங்குவது 2014-ல் தெரிந்தது. அதனால் கெடுதல் உண்டு என்று நிரூபணம் ஆகவில்லை. என்றாலும், எளிதில் பிரியக்கூடிய சில வகை மருந்துகளுக்கு 2017-ல் ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்தது. ஊசி போடும் முன் ரத்தத்தைப் பரிசோதித்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பரிசோதனைக்குச் சலித்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரக நோய், ஒவ்வாமை, கர்ப்பம் ஏதும் இருந்தால் டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

படம் தெளிவாக விழுகிறதா, நோயாளிக்கு வலிக்கிறதா என்ற இரண்டை மட்டுமே மோனிஸ் காலத்து டாக்டர்கள் பார்த்தார்கள். செலுத்திய மருந்து உடலில் எவ்வளவு நாள் இருக்கும், அங்கே என்ன செய்யும் என்று இப்போது முதலிலேயே கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், தோரோட்ராஸ்ட் ஊசி போட்டுக்கொண்ட அந்த நோயாளிகள்தான்.